கம்பளிப் பஞ்சில் தையல் இல்லாத பேர்ஸ்: மட்டக்களப்பு வீட்டில் செய்ய முழு வழிகாட்டி

"இந்த வெக்கைக்குள்ள கம்பளியா, மகள்?" மட்டக்களப்பில் கம்பளியைக் கையில் எடுத்தாலே இந்தக் கேள்வி வரும். உடுத்துவதற்குத்தான் நமது வெக்கை தடை. பேர்ஸ் செய்வதற்கு அது உதவியே செய்கிறது: தண்ணீர் சீக்கிரம் ஆறாது, செய்து முடித்த பேர்ஸ் கச்சான் காற்றில் ஒரே நாளில் காய்ந்துவிடும். வேண்டிய சாமான்களும் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கின்றன. பழைய பன் பாய், கிழிந்த நுளம்பு வலை, சவர்க்காரம், கேத்தல், இரண்டு துவாய். கம்பளி ஒன்றைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

வீட்டில் செய்த ஃபெல்ட் (கம்பளியை நனைத்து உரசி இறுக்கிய துணி) பேர்ஸ்களில் பல ஒரு மாதத்தில் தொய்ந்து, மேலே பொங்குப் பொங்காகப் பஞ்சு கிளம்பி, மூலையில் கிடக்கின்றன. காரணம் எப்போதும் ஒன்றுதான். கம்பளி போதிய அளவு இறுகுவதற்கு முன்பே "சரி, வடிவா வந்திட்டு" என்று நிறுத்திவிடுகிறோம். மற்ற எந்தக் கட்டத்திலும் அவசரப்படலாம், இறுக்கும் கட்டத்தில் கூடாது. கீழே அந்தப் பகுதியை நீட்டி எழுதியிருப்பது அதனால்தான்.

கம்பளி எப்படி இறுகுகிறது

ஆட்டுக் கம்பளியின் ஒவ்வோர் இழையிலும் மீன் செதிள் போல நுண்ணிய படலங்கள் நுனியை நோக்கி அடுக்கியிருக்கும். சூடான சவர்க்காரத் தண்ணீரில் இழை ஊறி உப்பும்போது செதிள்கள் சற்று விரியும். அப்போது உரசினால் இழை தன் வேர்ப்பக்கமாக மட்டுமே நகரும், திரும்பி வரச் செதிள் விடாது. பக்கத்து இழைகளும் அப்படியே நகர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இவ்வளவும் இடத்தைச் சுருக்கித்தான் நடக்கிறது என்பதால் துணி சிறுத்துத் தடிக்கும். ஒருமுறை இறுகியது மீண்டும் பிரியாது.

இதை விளங்கிக்கொண்டால் எது வேலைக்கு ஆகும், எது ஆகாது என்பது தானே தெரிந்துவிடும். பருத்திக்கும் அக்ரிலிக்குக்கும் பொலியெஸ்டருக்கும் இந்தச் செதிள் இல்லை, எவ்வளவு உரசினாலும் பயன் இல்லை. "சூப்பர்வாஷ்" என்று போட்ட கம்பளியில் செதிளை இரசாயனத்தால் மழுக்கியிருப்பார்கள், அதுவும் இறுகாது. நமது பக்கம் வளர்க்கும் செம்மறிக்கு உடம்பில் இருப்பது பெரும்பாலும் குட்டையான மயிர்தான். அதை வெட்டி வைத்துக் காத்திருக்க வேண்டாம்.

கம்பளிக்கு எங்கே போவது

இரண்டு வழி உண்டு. முதலாவது, பழைய ஸ்வெட்டர். இலண்டனிலோ சுவிஸிலோ கனடாவிலோ ஓர் உறவு இல்லாத வீடு இங்கே குறைவு. அவர்கள் வந்துபோகும்போது விட்டுச்சென்ற ஸ்வெட்டர் அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கும். பழைய உடுப்புக் கடைகளிலும் தேடினால் கிடைக்கும். லேபலைப் பாருங்கள்: 100% வூல், லேம்ஸ்வூல், மெரினோ, ஷெட்லண்ட் என்று இருந்தால் எடுக்கலாம். கம்பளி 80 வீதத்துக்குக் குறைந்தால் விட்டுவிடுங்கள். "மெஷினில் கழுவலாம்" என்று எழுதியிருந்தால் சூப்பர்வாஷ் என்று சந்தேகப்படுங்கள். நுவரெலியாவில் வாங்கிய ஸ்வெட்டரா? பார்வைக்குக் கம்பளி போல இருக்கும், ஆனால் பெரும்பாலானவை அக்ரிலிக்.

லேபல் இல்லாவிட்டால் ஓர் இழையை உருவி, சாமணத்தால் பிடித்து, தண்ணீர்க் கோப்பைக்கு மேலே வைத்து நெருப்புக் காட்டுங்கள். கம்பளி தயங்கித் தயங்கி எரியும், நெருப்பை எடுத்ததும் அணையும், தலைமயிர் கருகிய மணம் வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியதும் கல்லுப்போலக் கட்டியாகும். சொட்டுவது கையில் பட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், ஆகவே பிள்ளைகளை இந்தச் சோதனைக்குக் கிட்ட எடுக்க வேண்டாம்.

இரண்டாவது வழி, நூலாகத் திரிக்காத, சிக்கெடுத்துச் சீவிய கம்பளிப் பஞ்சு. இதை வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் சொல்லி எடுப்பதுதான் எளிது. 100 கிராம் பொதி ஒன்றில் மூன்று பேர்ஸ் செய்யலாம், பெட்டியில் பாரமும் ஏறாது. மெரினோ கேட்டால் மென்மையாக இருக்கும், சீக்கிரமாகவும் இறுகும். கொரிடேல் என்ற ஆட்டினத்தின் கம்பளி சற்று முரடு, ஆனால் தினமும் கையில் புழங்கும் பேர்ஸுக்கு அதுவே மேல் என்பது என் அபிப்பிராயம். மெரினோவில் நாள்பட நுண்ணிய உருண்டைகள் கிளம்பும், கொரிடேலில் அது குறைவு.

ஸ்வெட்டரிலிருந்து: சுருக்கமான வழி

வெட்டுவதற்கு முன்பே இறுக்க வேண்டும். ஸ்வெட்டரை ஒரு பழைய தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள். கொதி தண்ணீரும் சவர்க்காரமும் விட்ட வாளியில் பத்து நிமிடம் ஊறவிட்டு, கைக்குப் பிடிக்கும் சூட்டில் உடுப்புக் கழுவும் கல்லில் நன்றாகக் கசக்கி அடியுங்கள். இடையிடையே வெளியே எடுத்து உதறிப் பாருங்கள், இல்லாவிட்டால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். பின்னல் கண்கள் மறைந்து, வெட்டிய ஓரத்திலிருந்து நூல் பிரியாத நிலை வந்தால் போதும். அலசி, நிழலில் காயவைத்து, 13 சென்ரிமீற்றர் அகலம் 26 சென்ரிமீற்றர் நீளத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள். கீழிருந்து 10 சென்ரிமீற்றரை மேலே மடித்து இரு பக்கத்தையும் கம்பளி நூலால் ஓரத்தையல் போடுங்கள். மீதி 6 சென்ரிமீற்றர் மூடி. முதன்முதலாகச் செய்பவர் இதில் தொடங்கலாம். கம்பளி எப்படி நடந்துகொள்ளும் என்பது கைக்குப் பழகும்.

பஞ்சிலிருந்து: தையலே இல்லாத பேர்ஸ்

தையலும் மூட்டும் இல்லாத முழுப் பை இது. நடுவே ஓர் அச்சை வைத்து அதைச் சுற்றிக் கம்பளியை மூடி இறுக்கி, பிறகு வெட்டி அச்சை வெளியே எடுப்போம்.

முடிவில் பேர்ஸ் 12 சென்ரிமீற்றர் அகலமும், பை 9, மூடி 6 ஆக மொத்தம் 15 சென்ரிமீற்றர் உயரமும் வர வேண்டும் என்று வைப்போம். கம்பளி மூன்றில் ஒரு பங்கு சுருங்கும். ஆகவே அச்சு ஒன்றரை மடங்கு பெரிதாக வேண்டும்: 18 க்கு 22.5 சென்ரிமீற்றர். தண்ணீரில் ஊறாத, வளையக்கூடிய எதுவும் அச்சுக்கு ஆகும். பொருள் சுற்றி வரும் குமிழ்ப் பொலித்தீன் நல்லது, பிளாத்திக்குத் தரை விரிப்பின் வெட்டுத்துண்டும் நல்லது. மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலையில் கம்பளி மெலிந்து ஓட்டை விழும்.

பஞ்சு 32 கிராம் நிறுத்து எடுத்து எட்டுச் சமபங்காகப் பிரியுங்கள். நகைக் கடைத் தராசு தேவையில்லை, சமையலறைத் தராசு போதும். ஒரு பங்கு ஏறக்குறைய 4 கிராம். கண்மதிப்பில் பிரித்தால் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலியும், அதைப் பிறகு திருத்த முடியாது.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாவியோரமும் கடலோரமும் உள்ள பல கிணறுகளில் சவர்க்காரம் நுரைக்காது, வெள்ளையாகத் திரண்டு கம்பளியில் படியும். உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீர் வரும் வீட்டில் அந்தக் கவலை குறைவு. இல்லாவிட்டால் மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள். தேங்காய் எண்ணெயில் செய்த சவர்க்காரம் உவர்த்தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும். ஒரு லீற்றர் சூடான தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சீவிய சவர்க்காரம், கையில் வழுக்கும் அளவு, போதும். கூடினால் நுரை மெத்தையாகி இழைகளைப் பிரித்து வைத்துவிடும்.

இப்போது அடுக்குவோம். மேசையில் துவாய், அதன்மேல் பன் பாய், அதன்மேல் அச்சு. மின்விசிறியை நிறுத்துங்கள். பஞ்சின் நுனியை ஒரு கையால் மெல்லப் பிடித்து, மறுகையால் ஒரு விரல் நீளத்துக்குத் தட்டையான துண்டுகளாக உருவுங்கள், கத்தரிக்கோலால் வெட்டக்கூடாது. ஒரு பங்கை அச்சின் மேல் கிடையாக, ஓடு வேய்வது போலச் சற்று மேற்படிய அடுக்குங்கள். நாலு ஓரத்திலும் 2 சென்ரிமீற்றர் வெளியே நீட்டி நிற்க வேண்டும். அடுத்த பங்கை நெடுக்காக, ஆனால் ஓரத்துக்குள் அடங்க அடுக்குங்கள். கிடையும் நெடுக்கும் மாறி வருவதால்தான் துணி எல்லாத் திசையிலும் ஒரே அளவு சுருங்கும்.

நுளம்பு வலையை மேலே விரித்து, சவர்க்காரத் தண்ணீரைத் தெளித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் அமுக்குங்கள். காற்றுக் குமிழ் எதுவும் நிற்கக்கூடாது. பஞ்சு அச்சோடு தட்டையாகப் படிந்ததும் வலையை ஒரு மூலையிலிருந்து உரித்து எடுங்கள். முழுவதையும் புரட்டிப் போட்டு, நீட்டி நிற்கும் ஓரத்தை அச்சின் மேல் இறுக்கி மடியுங்கள். ஓரத்தில் மடிப்பு விழுந்தால் விரலால் நீவிப் பரப்புங்கள். அது இறுகினால் பேர்ஸின் பக்கத்தில் வரம்பு கட்டியது போல நிற்கும். இந்தப் பக்கத்திலும் இரண்டு பங்கு, அதேபோல நனைத்து, புரட்டி, மடிக்க வேண்டும். பிறகு முதல் பக்கத்தில் இன்னும் இரண்டு, மறுபக்கத்தில் கடைசி இரண்டு. பூவோ கோலமோ போட விரும்பினால் வேறு நிறப் பஞ்சை மிக மெல்லிய இழைகளாக இந்தக் கடைசி அடுக்கின் மேல் வையுங்கள். தடித்த கட்டி ஒட்டாது.

இனி உரசல். வலையைப் போட்டு, கையில் சவர்க்காரம் தடவி, முதல் ஐந்து நிமிடம் மிக மெல்ல, இழை நகராதபடி வட்டமாகத் தடவுங்கள். அடுத்த பத்து நிமிடத்தில் அழுத்தம் கூட்டலாம். ஓரங்களை உள்நோக்கி மட்டுமே தேயுங்கள், வெளிநோக்கித் தேய்த்தால் ஓரத்தில் செட்டை முளைக்கும். வலை கம்பளியோடு ஒட்டாமல் இருக்க இடைக்கிடை தூக்கி வையுங்கள். பிறகு விரல் நுனியால் ஒரு சிட்டிகை பஞ்சைக் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். தனி இழைகள் எழும்பினால் இன்னும் தடவ வேண்டும். முழுத் துணியும் சேர்ந்து எழும்பினால் உருட்டலாம்.

உருட்டுவதற்குத்தான் பன் பாய். கிர்கிஸ்தானில் ஃபெல்ட் விரிப்புச் செய்பவர்களும் நாணற் பாயில் சுருட்டித்தான் உருட்டுகிறார்கள். அந்த விரிப்புக் கலையை யுனெஸ்கோ 2012 இல் அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. அங்கே ஆட்டுக்காரர்களின் குளிர்நாட்டு வேலை, இங்கே குளத்தோரத்துப் பன்னில் நமது பெண்கள் இழைத்த பாய். பாயின் மேடு பள்ளம்தான் இழையை உரசுகிறது. பிளாத்திக்குப் பாயில் வழுக்கும், பன் பாய் பிடித்து உரசும். பழைய பாய்த்துண்டு ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, ஒவ்வொரு முறையும் வெயிலில் நன்றாகக் காயவையுங்கள்.

பாயோடு சேர்த்து ஒரு பிவிசி குழாயில் சுருட்டி, இரு முனையிலும் துணிக்கீற்றால் கட்டி, முழங்கை வரை வைத்து 100 தடவை முன்னும் பின்னும் உருட்டுங்கள். அவிழ்த்து, கம்பளியைக் கால்வட்டம் திருப்பி, மீண்டும் 100. நாலு திசைக்கும் ஆனதும் மறுபக்கம் புரட்டி இன்னொரு சுற்று. உருட்டும் திசையில்தான் துணி அதிகமாகச் சுருங்கும், எனவே எந்தத் திசையையும் தவறவிடக் கூடாது. தண்ணீர் ஆறினால் கேத்தலிலிருந்து சூடாக ஊற்றுங்கள்.

சற்று நேரத்தில் அச்சு உள்ளே வளைந்து முண்டத் தொடங்கும். கம்பளி அச்சைவிடச் சிறுத்துவிட்டது என்று அர்த்தம், வெட்டலாம். முன்பக்கத்தில், மேல் ஓரத்திலிருந்து ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு கீழே, கூர்மையான கத்தரிக்கோலால் குறுக்கே ஒரு கோடு. இரண்டு அடுக்கையும் சேர்த்து வெட்டிவிடாமல் அச்சு தடுத்துக்கொள்ளும். அந்தக் கோட்டின் இரு முனையிலிருந்தும் பக்க ஓரத்தை மேலே வரை வெட்டினால் முன்பக்கத்து மேல்துண்டு தனியே வரும், பின்பக்கம் மூடியாக நிற்கும். வெளியே எடுத்த துண்டை எறியாதீர்கள், பொத்தான் தடுக்கு அதில் வெட்டலாம். அச்சை உருவி எடுத்து, வெட்டிய ஓரங்களைச் சவர்க்கார விரலால் இரண்டு மூன்று நிமிடம் தேயுங்கள். பச்சை வெட்டு மூடி உருளும்.

பலர் நிறுத்துவது இந்த இடத்தில்தான். பார்வைக்குப் பேர்ஸ் முடிந்தது போலத்தான் இருக்கும், ஆனால் இழுத்தால் நீளும். இங்கிருந்துதான் உண்மையான இறுக்கம் தொடங்குகிறது. இறப்பர்க் கையுறை போட்டு, நல்ல சூட்டுத் தண்ணீரில் தோய்த்து, பிழிந்து, உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கசக்குங்கள். தொட்டியில் முதலில் மெல்ல, பிறகு பலமாக எறியுங்கள். கழுவும் கல்லின் சொரசொரப்பில் எல்லாத் திசையிலும் தேயுங்கள். ஒவ்வொரு சில நிமிடத்துக்கும் கையை உள்ளே விட்டு, மூலைகளை விரித்து, உள்பக்கம் ஒட்டாமல் பாருங்கள்.

அளவு நாடாதான் நீதிபதி. அகலம் 12 க்கு வந்து உயரம் 17 இல் நின்றால், உயரத் திசையில் மட்டும் சுருட்டி உருட்டுங்கள், அது அந்தத் திசையில் சுருங்கும். பேர்ஸின் மேற்பரப்பு முழுக்க நுண்ணிய மணல்மணியாகச் சுருக்கம் விழ வேண்டும், தடிப்பு 3 மில்லிமீற்றராவது வேண்டும். இரு கைகளாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். நீளாமல் எதிர்த்து நின்றால் முடிந்தது. நீண்டால், கை எவ்வளவு நொந்தாலும், ஒரு தேநீர் குடித்துவிட்டுத் திரும்பவும் கல்லுக்குப் போங்கள்.

அலசலும் காயவைத்தலும்

சவர்க்காரம் கம்பளியில் தங்கினால் நாள்பட இழை பழுதாகும். தண்ணீர் தெளியும் வரை அலசி, கடைசியாக ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினாகிரி விட்டு ஐந்து நிமிடம் ஊறவைத்து, மறுபடி ஒருமுறை அலசுங்கள். துவாயில் சுருட்டி மிதித்துத் தண்ணீரை எடுத்து, உள்ளே வெள்ளைப் பருத்தித் துணி திணித்து, வடிவத்தைக் கையால் திருத்துங்கள். பத்திரிகைத் தாள் திணித்தால் மை ஒட்டும். தொங்கவிட வேண்டாம், தட்டையாக நிழலில் வையுங்கள். மாரியில் மின்விசிறிக்குக் கீழே இரண்டு மூன்று நாள் எடுக்கும். உள்மூலை ஈரமாக இருக்கையில் அலுமாரியில் வைத்தால் பூஞ்சணம் பிடிப்பது நிச்சயம்.

உட்துணி, பொத்தான், நிறம்

ஃபெல்ட் ஓரம் பிரியாது, உட்துணி கட்டாயம் இல்லை. நாணயமும் திறப்பும் போடுபவருக்கு வைத்துக் கொடுங்கள். மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் வெட்டுத்துண்டு இதற்கு மிகவும் பொருத்தம்: பருத்தி, உறுதி, கோடுகளின் நிறம் ஒற்றை நிறக் கம்பளிக்குள் திறக்கும்போது எடுப்பாகத் தெரியும். முதலில் கழுவிச் சுருக்கிவிட்டு, பையின் உள்ளளவைவிடச் சற்றே சிறிதாகத் தைத்து, வாய் ஓரத்தில் மறைதையல் போடுங்கள். ஊசி கம்பளியின் பாதித் தடிப்புக்குள் மட்டும் போய்வந்தால் வெளியே தையல் தெரியாது. இயந்திரத்தில் தைப்பதானால் 16 ஆம் இலக்க ஊசி வேண்டும்.

பொத்தானுக்குச் சிரட்டை. ஒரு சிரட்டைத் துண்டை வட்டமாக அறுத்து, உப்புத்தாளால் தேய்த்து, இரண்டு துளை போட்டு, ஒரு துளி தேங்காய் எண்ணெய் பூசினால் கருமை மின்னும். பொத்தானின் பின்னால், பையின் உள்பக்கத்தில், வெட்டியெடுத்த ஃபெல்ட் துண்டில் ஒரு சிறு வட்டம் வைத்துத் தையுங்கள், இழுப்பை அது தாங்கும். மூடியில் துளை வெட்டுவதானால் பொத்தானைவிடச் சிறிதாக வெட்டுங்கள், புழக்கத்தில் அது விரியும்.

வெள்ளைப் பஞ்சுதான் கிடைத்தது என்றால் தேயிலைச் சாயம் அருமையான மண்ணிறம் தரும். படிகாரத்தில் ஊறவைத்துவிட்டு வெங்காயத் தோலில் அவித்தால் பொன்னிறம். மஞ்சளில் போட வேண்டாம், வெயிலில் வெளிறிப் போகும். பஞ்சைச் சாயத்தில் போட்டபின் கிண்டக்கூடாது, சூட்டை மெதுவாக ஏற்றி மெதுவாக ஆறவிட வேண்டும். கிண்டினால் சட்டிக்குள்ளேயே இறுகிவிடும்.

வைத்திருக்கவும் விற்கவும்

அந்துப்பூச்சியின் புழு கம்பளியைத் தின்னும். காய்ந்த வேப்பிலை பூச்சியை ஓரளவு விலக்கும், உள்ளே இருக்கும் முட்டையைக் கொல்லாது. சந்தேகம் வந்தால் பொலித்தீனில் இறுகக் கட்டிக் குளிரூட்டியின் உறைபெட்டியில் ஒரு கிழமை வையுங்கள். வெளியே எடுத்ததும் குளிர்ந்த பொருளில் ஈரம் வியர்வை போலக் கட்டும், அறைச் சூட்டுக்கு வந்த பிறகே பொலித்தீனைப் பிரிக்க வேண்டும். அழுக்கானால் குளிர்தண்ணீரில் மெல்லத் தோய்த்து எடுக்கலாம், இதற்குமேல் அது பெரிதாகச் சுருங்காது.

விற்பதானால், அறுகம்பையிலும் பாசிக்குடாவிலும் வந்து தங்குபவர்களும், ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தத்துக்கு ஊர் திரும்பும் வெளிநாட்டுச் சொந்தங்களும்தான் முதல் வாடிக்கையாளர்கள். விலை வைக்கும்போது பஞ்சின் பெறுமதியை மட்டும் கூட்டாதீர்கள். பழகிய கைக்கும் ஒரு பேர்ஸ் அரை நாள் வேலை. அந்த அரை நாளுக்கு வேறு இடத்தில் என்ன கூலி கிடைக்குமோ அதைக் கூட்டி, பொத்தானும் உட்துணியும் சேர்த்து விலை சொல்லுங்கள். வாங்க வருபவரிடம் பேர்ஸைக் கொடுத்து, இரு பக்கமும் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.